அவன் சாமான்கள் கொடுத்த கிழமை

அவன் எனக்கு முதலில் கொடுத்தது ஒரு சைக்கிள். திங்கட்கிழமை பகல் வேலை முடிந்து நான் வெளியே வந்தபோது, தொழிற்சாலை வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழைய சைக்கிள்தான். ஆனால் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, முன் விளக்குக்குப் புது மின்குமிழ் போட்டு, இருக்கையை என் உயரத்துக்கு இறக்கி வைத்திருந்தான்.

"நீ தினமும் நடந்து வருகிறாய். இதை எடுத்துக்கொள்" என்றான்.

எவ்வளவு என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அழுக்குத் துணிகளைப் பிரித்துப் போடுவேன். அவன் அங்கே இயந்திரம் திருத்துகிறவனாக இருந்த ஜெர்மன்காரன். ஐம்பது வயதிருக்கும். எனக்கு மொழி விளங்கவில்லை என்று தெரிந்தால் மற்றவர்கள் சத்தத்தைக் கூட்டுவார்கள். அவன் கூட்டமாட்டான். கையால் காட்டுவான், பிறகு அந்தச் சொல்லை மெதுவாக ஒருமுறை சொல்லுவான். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பாதி அவனிடமிருந்து கேட்டது. நான் ஆட்களோடு சுலபமாகப் பேசுகிறவன் அல்ல. அவனோடு நிற்பது எனக்கு இலேசாக இருந்தது.

அந்த வசந்த காலத்தில் அவனை வேலையால் நிறுத்திவிட்டார்கள். புது முதலாளி புது இயந்திரங்கள் வாங்கினார். அவற்றைத் திருத்த வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மனைவி அவனை விட்டுப் போயிருந்தாள். வீடு பக்கத்துத் தெருவில் என்பதால் வேலை போன பிறகும் அவன் வாசலுக்கு வருவான். வேலை மாறும் நேரத்தில் மதிலில் சாய்ந்து நின்று மூன்று கதைகள் சொல்லுவான். புது முதலாளி எல்லார் முன்னும் இவனுடைய கருவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னது ஒன்று. கந்தோரில் கணக்கு எழுதும் பெண், இவன் கொடுத்த கடிதத்தைத் தொலைத்தது ஒன்று. லொறி ஓட்டுகிறவன் தன்னைப் பார்த்துச் சிரித்தது ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே வசனம், அதே இடத்தில் மூச்சு விடுவான். ஒரு சொல்லும் மாறாது. மனப்பாடம் செய்த பாட்டைச் சொல்வதுபோல இருக்கும். கோடை முழுக்க அதைக் கேட்டோம். சிலர் அவனைக் கண்டால் பின்வாசலால் போனார்கள். எனக்கு அப்படிப் போகத் தெரியவில்லை. நின்று தலையாட்டினேன்.

பிறகு அந்தக் கதைகளைச் சொல்வதை நிறுத்திவிட்டான். இலையுதிர் காலம் தொடங்கியிருந்தது. முகம் சவரம் செய்து, சட்டை மாற்றி வந்தான். முதலாளியின் கார் கடந்து போனபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை. பாவம், மனிதன் தேறிவிட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்தக் கிழமைதான் சைக்கிள் தந்தான்.

ஒருவன் தன் சாமான்களைக் கொடுத்தால், ஏன் கொடுக்கிறான் என்று கேட்க வேண்டும். இப்போது தெரிகிறது. அப்போது நாங்கள் இருந்த நிலைமை வேறு. எங்கள் வீட்டில் நாலு பேர், எல்லாரும் அகதி வழக்குப் போட்டுக் காத்திருந்தவர்கள். எங்கள் கட்டில், சோபா, மேசை, அலுமாரி எல்லாமே ஜெர்மன்காரர் வேண்டாமென்று வீதியோரத்தில் வைத்தவை. மாதத்தில் ஒரு நாள் அப்படி வைப்பார்கள். அந்த நாளில் தமிழர் எல்லாரும் தள்ளுவண்டியோடு திரிவோம். நல்ல சாமானை ஏன் எறிகிறார்கள் என்று ஒருவரும் யோசித்ததில்லை. அது அந்த நாட்டின் குணம் என்று நினைத்தோம்.

என்னோடு இருந்த மன்னார்த் தம்பி ஒருவர் அதையே சொன்னார்.

"வெள்ளைக்காரன் தந்தா வாங்கிப் போட வேணும் அண்ணை. நீங்கள் நிண்டு ஏன் எதுக்கெண்டு கேட்டா அவன்ர மனம் மாறிப்போடும்."

செவ்வாய்க்கிழமை நானும் அவரும் தள்ளுவண்டியோடு அவன் வீட்டுக்குப் போனோம். ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, சட்டிகள், ஒரு கனமான குளிர் கோட்டு எல்லாவற்றையும் கதவடியில் அடுக்கி வைத்திருந்தான். சட்டிகளைக் கழுவித் துடைத்து, மூடிகளை நூலால் கட்டியிருந்தான். வீடு கூட்டிச் சுத்தமாக இருந்தது. சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. ஒரு படம் மாத்திரம் மிச்சம் இருந்தது. பச்சை ஜாக்கெட் போட்ட பத்துப் பதினைந்து ஆண்கள், நடுவில் அவன், கழுத்தில் வெள்ளிச் சங்கிலி. ஊரில் துவக்குச் சுடும் கழகம் ஒன்று இருந்தது. வருடா வருடம் திருவிழா நடத்தி, நன்றாகச் சுட்டவருக்கு அந்தச் சங்கிலியைப் போட்டு ஊர்வலம் போவார்கள். பேக்கரிக்காரர், தபால்காரர் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஆகவே அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நடையில் ஒரு இரும்பு அலுமாரி நின்றது. ஒடுங்கியது, உயரமானது.

"அதையும் தருவாரோ எண்டு கேட்டுப் பாருங்கோ அண்ணை. எங்கட பாஸ்போட், காயிதங்களை வைச்சுப் பூட்டலாம்" என்றார் தம்பி.

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் விரலால் காட்டினேன். அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"அது இல்லை. அது எனக்குத் தேவைப்படும்" என்றான்.

நாங்களும் சிரித்தோம். தொலைக்காட்சியைத் தூக்கி வண்டியில் வைக்க அவனே கை கொடுத்தான்.

புதன்கிழமை பின்னேரம் வாசலில் நின்றான். அன்று கையில் ஒன்றும் இல்லை.

"நாளைக்குக் காலை வேலையா?" என்று கேட்டான்.

ஆம் என்றேன்.

"காலையில் வராதே. மத்தியானம் வா." சொல்லிவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்தான். "விளங்கியதா? காலையில் வராதே."

எனக்கு விளங்கியது. எனக்கு மட்டுமல்ல, அந்தக் காலத்தில் எங்களில் எவருக்கும் அது ஒரு விதமாகத்தான் விளங்கியிருக்கும். நாளைக்கு வேலைக்கு வராதே என்று ஒரு ஜெர்மன்காரன் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால், கொன்றோல் வருகிறது என்று அர்த்தம். வேலைத் திணைக்களத்து ஆட்கள் வந்து கதவுகளை அடைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் வேலை அனுமதி அட்டையையும் பார்ப்பார்கள். என் அட்டையில் எழுதியிருந்த மணித்தியாலத்தைவிட நான் கூடுதலாக வேலை செய்துகொண்டிருந்தேன். பிடிபட்டால் வழக்குக் கெட்டுவிடும் என்று பயம். வழக்கு வென்றால்தான் கொழும்பில் காத்திருந்த மனைவியையும் மகளையும் கூப்பிடலாம்.

நான் அவனுக்கு நன்றி சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு திரும்பி நடந்தான்.

எங்கள் தொழிற்சாலையில் சும்மா வராமல் விட ஏலாது. உன் இடத்துக்கு நீயே ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும். ஆள் சம்மதித்தால், வாசலுக்குள் மாட்டியிருக்கும் வேலைப் பலகையில் உன் பெயரை வெட்டி அவர் பெயரை எழுதுவார். நான் திரும்பி உள்ளே போனேன். துணி தேய்க்கும் பெரிய உருளையில் ஒரு துருக்கிக்கார அம்மா நின்றாள். இருபது வருடமாக ஜெர்மனியில் இருப்பவள், நிரந்தர விசா உள்ளவள். கொன்றோல் வந்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை. அட்டையைக் காட்டிவிட்டுப் போவாள். அப்படித்தான் கணக்குப் போட்டேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. என் காகிதம் சரியில்லை என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? பல்லு டாக்டரிடம் போக நேரம் குறித்திருக்கிறது, காலையில் எனக்காக வர முடியுமா என்று கேட்டேன்.

"எந்தப் பல்லு?" என்றாள்.

இடப்பக்கம் காட்டினேன். அவள் துணியை மடித்துக்கொண்டே, "எனக்கு உன் வயதில் பாதிப் பல்லுத்தான் இருந்தது. உனக்கு இவ்வளவு இருக்கிறது, ஒன்று போனால் என்ன?" என்றாள். பிறகு, "சரி, வருகிறேன். வெள்ளிக்கிழமை என் பின்னேர வேலை உனக்கு" என்றாள். அவளே பலகைக்குப் போய் என் பெயரை வெட்டித் தன் பெயரை எழுதினாள்.

வியாழக்கிழமை காலை நான் ஒன்பது மணி வரை படுத்திருந்தேன். எழும்பி, சோறு காய்ச்சி, பருப்பு வைத்து, ஆறுதலாகச் சாப்பிட்டேன். கொன்றோல் முடிந்திருக்கும், ஆட்களைக் கொண்டு போயிருப்பார்களோ என்று யோசித்தேன். அவன் எவ்வளவு நல்லவன் என்றும் யோசித்தேன். பன்னிரண்டு மணிக்குச் சைக்கிளில் புறப்பட்டேன்.

தெரு முனையிலேயே மறித்துவிட்டார்கள். வாசலுக்குக் குறுக்கே நாடா கட்டியிருந்தது. அம்புலன்ஸ்கள், பொலிஸ் வண்டிகள். வயலுக்குள் ஒரு ஹெலிகொப்டர் இறங்கி நின்றது. என்னோடு வேலை செய்கிற பெண்கள் போர்வை போர்த்தியபடி நடைபாதையில் இருந்தார்கள். நான் முதலில் நினைத்தது கொதிகலன் வெடித்துவிட்டது என்று. ஒரு போலந்துப் பெண்ணிடம் என்ன என்று கேட்டேன்.

"மெக்கானிக்" என்றாள். பிறகு கையைத் துவக்குப் போலப் பிடித்துக் காட்டினாள்.

முதலாளி, கந்தோரில் இருந்த பெண், லொறி ஓட்டுகிறவன். மூன்று கதைகளில் இருந்த மூன்று பேரையும் சுட்டுக் கொன்றிருந்தான். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான். நாலாவதாக ஒரு ஆள் காயம். இடுப்பில் குண்டு, ஹெலிகொப்டரில் கொண்டுபோகக் காத்திருக்கிறார்கள் என்றாள். யார் என்று கேட்டேன். அவள் சொல்லுமுன்னே எனக்குத் தெரிந்துவிட்டது.

சைக்கிளைப் பிடித்திருக்க முடியவில்லை. அது விழுந்தது. அதை நிமிர்த்தவும் குனிய முடியவில்லை.

நான் துவக்குச் சத்தம் கேட்டுப் பழகாதவன் அல்ல. எங்கள் ஊரில் துவக்கோடு வந்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர்களாக வந்தார்கள். வருமுன் நாய் குரைக்கும், வாகனச் சத்தம் கேட்கும். எந்தத் திசைக்கு ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதிலிருந்து தப்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இங்கே ஒரு தனி மனிதன், எனக்குச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுத் தந்தவன், காலை பதினொரு மணிக்கு நடந்து வந்து இதைச் செய்தான். அது என் மூளைக்குள் போகவே இல்லை. இன்றும் முழுதாகப் போகவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் செய்தி பார்த்தோம். அவன் தந்த தொலைக்காட்சியில் அவன் வீட்டுக் கதவைக் காட்டினார்கள். அதே கதவு, அதே படி. தம்பி எழும்பிப் போய் அதை நிறுத்தினார். பிறகு எங்களில் ஒருவரும் அதைப் போடவில்லை.

அடுத்த நாள் தம்பி பேப்பர் வாங்கி வந்து, அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல்லு வாசித்தார். இப்படிப்பட்டவர்கள் யார் என்று படித்தவர்கள் எழுதியிருந்தார்கள்.

"ஆம்பிளையாத்தான் இருக்குமாம். தனிய இருப்பாராம். அதிகம் கதைக்க மாட்டாராம். மனிசி பக்கத்தில இல்லையாம். வேலையில மதிப்பில்லையாம்." நிறுத்தி என்னைப் பார்த்தார். "அண்ணை, இது உங்களையெல்லோ எழுதியிருக்கு. துவக்கு ஒண்டுதான் குறை."

மற்ற இருவரும் சிரித்தார்கள். பயத்தில் சிரிக்கும் சிரிப்பு அது. நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். தம்பி பின்னால் வந்தார்.

"பகிடிக்குச் சொன்னனான் அண்ணை. மனசில வைக்காதேங்கோ."

"இல்லைத் தம்பி. நீர் வாசிச்சது சரி. அவனும் நானும் ஒரே மாதிரித்தான். அதாலதான் அவன் எனக்குச் சொன்னவன்."

"என்ன சொன்னவர்?"

அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னேன். காலையில் வராதே என்றதையும், நான் யாரை அனுப்பினேன் என்பதையும். தம்பி குசினிக் கதவைச் சாத்தினார்.

"இதை ஒருத்தரிட்டையும் சொல்லிப் போடாதேங்கோ" என்றார்.

அந்த நாட்களில் நான் அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். பேச்சுக் குறைந்தவர்கள், மனைவியைப் பிரிந்திருப்பவர்கள், வேலையில் மதிப்பில்லாதவர்கள் என்று பார்த்தால் எங்கள் தெருவில் பத்து அகதி வீடுகளிலும் அவர்கள்தான். ஒருவரும் எவரையும் சுடவில்லை. அவனிடம் வேறென்ன இருந்தது? தனக்கு நடந்த மூன்று அவமானங்களைத் தவிர அவன் வேறொன்றையும் பேசாமல் விட்டிருந்தான். எனக்கும் அவமானங்கள் உண்டு. ஆனால் சம்பளம், கடிதம், மகளின் காய்ச்சல் என்று நாளுக்கு நாள் வேறு கவலை வந்து அவற்றை மூடிவிடும். அவனுக்கு வேறு கவலை ஒன்றுகூட இல்லை. துவக்கு வைத்துப் பூட்டிய அந்த இரும்பு அலுமாரி இருந்தது. சுடவும் நன்றாகத் தெரிந்திருந்தது. கடைசியில் அவனுக்கு வந்த அமைதியை நாங்கள் சுகம் என்று நினைத்தோம். படிக்காதவன் யோசித்தது இது. சரியோ பிழையோ தெரியாது.

பத்து நாட்களில் பொலிஸ் கடிதம் வந்தது. வேலை செய்தவர்கள் எல்லாரையும் விசாரித்தார்கள். எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்தார்கள். யாழ்ப்பாணத்தவர், என்னைவிட இளையவர், ஆனால் எல்லா அகதி வழக்குகளிலும் பேசுகிறவர் என்பதால் நாங்கள் அவரை மதித்து நடப்போம். உள்ளே போகுமுன் நடையில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சுற்றிப் பார்த்தார். "அண்ணை, உங்கட வழக்கு இன்னும் நிக்குதெல்லோ?"

"ஓம்."

"இதைச் சொன்னா ரெண்டு கேள்வி வரும். தெரிஞ்சும் ஏன் பொலிசுக்குச் சொல்லேல்லை? ஏன் கொன்றோலுக்குப் பயந்தனீங்கள்? ரெண்டுக்கும் உங்களிட்ட நல்ல மறுமொழி இல்லை. சொல்லுறதால செத்த சனம் எழும்பாது. பேசாமல் இருங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

உள்ளே ஒரு பொலிஸ்காரி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவனிடம் ஏதாவது மாற்றம் கண்டீர்களா, அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டாள். நான் தமிழில் தொடங்கினேன். சைக்கிளைப் பற்றிச் சொன்னேன், புதன்கிழமையைப் பற்றியும் சொன்னேன். நான் நிறுத்தியதும் மொழிபெயர்ப்பாளர் அவளிடம் ஒரு வசனம் சொன்னார். அது எனக்கே விளங்கும் ஜெர்மன். இவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னார். அவள் எழுதினாள். கையெழுத்து வைத்தேன். வெளியே வந்தோம். அவர் என் தோளில் தட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

நான் வாசல் வரை போனேன். அந்த அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தான் ஏன் அன்று அங்கே நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது. அதை அவளுக்குச் சொல்லக்கூடியவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். நானும் போய்விட்டால், அவள் என் பல்லை நினைத்துக்கொண்டு கிடப்பாள்.

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். பொலிஸ்காரி நிமிர்ந்து பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் எங்கே என்று கேட்டாள்.

"இல்லை. நான் மட்டும்" என்றேன். என் ஜெர்மன் ஓடாத ஜெர்மன். ஒவ்வொரு சொல்லாக வைத்தேன். "அவன் புதன் சொன்னான். நாளை காலை வராதே. நான் கொன்றோல் என்று நினைத்தேன். அட்டை சரியில்லை. பயம். என் வேலையை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். பல்லு என்று பொய் சொன்னேன்."

அவள் பேனாவை வைத்தாள். கோபிப்பாள் என்று நின்றேன். அவள் உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினாள்.

"நீங்கள் ஐந்தாவது ஆள்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். அவன் தன் நாயைத் தமக்கையிடம் விட்டுவிட்டு, இனித் திரும்ப எடுக்கமாட்டேன் என்றிருந்தான். கழகத்தில் ஒருவனிடம், சீக்கிரம் என்னைப் பற்றிப் பேப்பரில் வாசிப்பாய் என்றிருந்தான். மனைவிக்கு ஒரு கடிதம் போட்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம், வியாழக்கிழமைக்குப் பிறகு தபாலை எடுத்து வையுங்கள் என்றிருந்தான். ஆளுக்கொரு துண்டு கொடுத்திருந்தான். ஒருவர் துண்டு மற்றவருக்குத் தெரியாது. தமக்கை அவன் பயணம் போகிறான் என்று நினைத்தாளாம். கழகத்துக்காரன் குடிவெறி என்று நினைத்தானாம். ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவர்கள், அட்டைப் பயம் இல்லாதவர்கள், அவர்களும் நினைக்கவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இருக்கவில்லை. அவன் ஒளித்தே செய்யவில்லை. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் செய்திருக்கிறான்.

என் அட்டையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என் வழக்கிலும் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் இவ்வளவு பயந்த கேள்வி கடைசிவரை வரவேயில்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நின்றால் மனம் மாறிவிடும் என்று தெரியும். அந்த அம்மா சுவர்ப்பக்கம் கட்டிலில் படுத்திருந்தாள். பக்கத்தில் கதிரை இருந்தது. நான் அதில் உட்காரவில்லை. பொலிசில் சொன்ன அதே சொற்களை அதே ஒழுங்கில் சொன்னேன். வேறு சொற்கள் என்னிடம் இல்லை.

"அவன் என்னைக் கண்டதும் நின்றான்" என்றாள். "இன்றைக்கு உனக்கு வேலை இல்லையே என்று கேட்டான். வசந்தத்தில் வேலை போனவனுக்கு இது எப்படித் தெரியும் என்று இவ்வளவு நாளும் யோசித்தேன். வாசல் பலகையைப் பார்த்திருக்கிறான். புதன்கிழமை நீ மாற்றியது மட்டும் அவனுக்குத் தெரியாது."

நான் தலை குனிந்து நின்றேன்.

"கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். விட்டுவிடுவான் என்று நினைத்தேன். நல்ல முகம். பிறகு சுட்டான்."

ஒரு தாதி வந்து மருந்துப் போத்தலை மாற்றிவிட்டுப் போனாள்.

"பொலிசுக்குச் சொன்னாயா?"

"சொன்னேன்."

"உன் காகிதம்?"

"தெரியாது."

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். "இன்றைக்குப் போ" என்றாள்.

அடுத்த கிழமை போனேன். கட்டிலில் இல்லை. நடையில், நாலு கால் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தாள். என்னைக் கண்டாள். போ என்று சொல்லவில்லை. சுவரோரம் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டு நின்றேன். அவள் என்னைக் கடந்து நடையின் முடிவு வரை போய், அங்கே திரும்புவதற்குச் சட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்தாள்.